செயின்ட் ஜேம்ஸ் சதுக்கத்துக் கிளிகள்

லண்டன், செயின்ட் ஜேம்ஸ் சதுக்கம், கதவு எண் 1. பிபி என்ற எண்ணெய்க் கம்பெனியின் தலைமையகம். அந்த வாசலிலிருந்து ஒரு பெரிய மனிதர் பெட்டியோடு வெளியேறினால் போதும், லண்டனிலும் நியூயார்க்கிலும் முதலீட்டு வட்டாரத்தின் கூண்டுகள் ஒரே நேரத்தில் திறந்துகொள்கின்றன. கிளிகள் தத்தித் தத்தி வருகின்றன, சீட்டுகளைப் புரட்டுகின்றன, ஒன்றைக் கவ்வி நீட்டுகின்றன. புதியவர் எந்த ஊர், இதற்கு முன் எந்தக் கம்பெனியில் இருந்தார், அங்கே எதை விற்றார், எதை வாங்கினார் என்று ஜாதகம் கணிக்கப்படுகிறது. பிறகு எல்லோரும் கூடி உட்கார்ந்து, இனி கம்பெனியின் ‘உத்தி’ என்னவாக இருக்கும் என்று கவலைப்படத் தொடங்குகிறார்கள்.

நம் ஊர்க் கோயில் வாசலில் உட்காரும் கிளி ஜோசியருக்கு ஒரு நாணயம் உண்டு. சொன்னது பலிக்காவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே மரத்தடியில்தான் இருப்பார். போய்ச் சண்டை போடலாம். அந்தக் கிளியும் ஒரு நெல்மணிக்கு மேல் கேட்டதில்லை. லண்டன் கிளிகள் அப்படியில்லை. பலிக்காவிட்டால் ‘இலக்கு விலை திருத்தப்பட்டுள்ளது’ என்று ஒரு பக்கம் அச்சடித்து அனுப்பிவிட்டு, ஆண்டு இறுதி போனஸை எண்ணப் போய்விடும்.

கடைசியாகக் கூண்டு திறந்தது 2025 டிசம்பர் 17 அன்று. தலைமைச் செயல் அதிகாரி மர்ரே ஆச்சின்க்ளாஸ் விலகுகிறார் என்று அறிவித்தார்கள். நிரந்தர நாற்காலியில் அவர் உட்கார்ந்து இரண்டு ஆண்டுகூட நிரம்பவில்லை. அடுத்தவர் மெக் ஓனீல், ஆஸ்திரேலியாவின் வுட்சைடு கம்பெனியை நடத்தியவர். ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பிபி வரலாற்றில் இந்தப் பதவிக்கு வெளியிலிருந்து வரும் முதல் ஆள், உலகின் ஐந்து பெரிய மேற்கத்திய எண்ணெய்க் கம்பெனிகளில் ஒன்றுக்குத் தலைமை ஏற்கும் முதல் பெண். பதவியேற்புக்குக் குறித்த நாள் 2026 ஏப்ரல் 1. அந்த நாளைப் பார்த்துக் கொடுத்த பஞ்சாங்கக்காரர் யாரோ, குறும்புக்காரர்.

அறிவிப்பின் மை காயுமுன்னே பலன்கள் வந்துவிட்டன. அம்மையார் எக்ஸான்மொபிலில் 23 ஆண்டு இருந்தவர், ஆகவே தோண்டுவார். வுட்சைடில் இருந்தவர், ஆகவே எல்என்ஜி என்ற திரவ எரிவாயு. அமெரிக்கர், ஆகவே கம்பெனியின் பங்குப் பட்டியலை லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு நகர்த்துவார். வெளியாள், ஆகவே பாசம் கிடையாது, மொத்தமாக ஷெல் கம்பெனிக்குத் தாரை வார்த்துவிடுவார். ஒருவருடைய வேலை அனுபவச் சான்றிதழை வைத்துக்கொண்டு இத்தனை பலன் சொல்ல முடியுமென்றால், நம்மூரில் நாடி பார்ப்பவர்கள் எதற்காக இன்னும் கட்டைவிரல் ரேகை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்?

ஷெல் ஜோசியத்துக்குத் தனி மரியாதை. 2025 ஜூனில் ஷெல் பிபியை வாங்கப் பேச்சு நடத்துகிறது என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. அப்படி எண்ணமே இல்லை என்று ஷெல் உடனே எழுத்தில் மறுத்தது. பிரிட்டிஷ் விதிப்படி அப்படி மறுத்துவிட்டால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, ஆறு மாதத்துக்கு அந்தப் பக்கம் தலைவைக்கக் கூடாது. அந்தக் கெடு டிசம்பர் 26 அன்று முடிந்தது. நம் ஆட்களுக்குத் தை பிறந்தால் வழி பிறக்கும். அவர்களுக்குக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பிறந்தால் போதும். ஆறு மாதமாகக் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டு, இரண்டு கம்பெனிகளும் ஒன்றானால் எத்தனை ஆயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று கணக்குப் போட்டவர்கள் எத்தனை பேர்! அந்தக் கணக்குக்கு அவர்கள் அகராதியில் ‘கூட்டு லாபம்’ என்று பெயர்.

ஆச்சின்க்ளாஸ் போவதற்கு முன்பே வாரியத் தலைவர் நாற்காலியும் காலியாகியிருந்தது. ஹெல்கே லுண்ட் போகப்போகிறேன் என்று சொன்ன பிறகும், 2025 ஏப்ரல் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவரை எதிர்த்து ஏறக்குறைய 24 சதவீத வாக்கு விழுந்தது. அதில் ஒரு பகுதி, பசுமைப் பாதையை விட்டு ஏன் விலகினாய், எங்களை ஏன் கேட்கவில்லை என்ற கோபம். இன்னொரு பகுதி, இவ்வளவு காலம் ஏன் அந்தப் பாதையில் போனாய் என்ற கோபம். இரண்டு கோபமும் ஒரே பெட்டியில் விழுந்து ஒரே எண்ணாக எண்ணப்பட்டன. அக்டோபரில் ஆல்பர்ட் மானிஃபோல்ட் வந்தார். சிமென்ட், ஜல்லி விற்கும் சிஆர்ஹெச் என்ற அயர்லாந்துக் கம்பெனியை நடத்தி, அதன் பங்குப் பட்டியலை நியூயார்க்குக்குக் கொண்டுபோனவர். ஜல்லி விற்றவருக்கு எண்ணெய் என்ன தெரியும் என்று ஒரு கிளியும் கேட்கவில்லை. பங்கு விலையை ஏற்றத் தெரியுமா, அது போதும்.

கூண்டுகளின் சாவி யார் கையில் என்று பார்த்தால் எலியட் மேனேஜ்மென்ட் என்று ஒரு ஹெட்ஜ் ஃபண்ட் தெரிகிறது. 2025 தொடக்கத்தில் பிபியில் நுழைந்து ஏறத்தாழ 5 சதவீதம் வாங்கியவர்கள். இவர்களுடைய பூர்வ கதையை அர்ஜென்டினா நாட்டைக் கேட்டால் சொல்லும். அந்த நாடு கடனில் மூழ்கியபோது, அதன் பத்திரங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டு முழுத்தொகை கேட்டு ஆண்டுக்கணக்கில் வழக்காடியது எலியட்டின் துணை நிறுவனம். 2012 இல் அர்ஜென்டினக் கடற்படையின் பயிற்சிக் கப்பல் லிபர்டாட் கானா நாட்டுத் துறைமுகத்தில் நின்றபோது, நீதிமன்ற ஆணையோடு போய் அதையே பிடித்து வைத்தார்கள். கந்துவட்டிக்காரன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போவதை நாம் பார்த்திருக்கிறோம். இவர்கள் போர்க்கப்பலை அவிழ்த்தவர்கள். கடல் சட்டத்துக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் தலையிட்டுத்தான் கப்பல் ஊர் திரும்பியது. 2016 இல் அர்ஜென்டினா பணத்தைக் கட்டியது. ஒரு நாட்டையே கட்ட வைத்தவர்களுக்கு ஒரு எண்ணெய்க் கம்பெனியின் மனச்சாட்சி எம்மாத்திரம்? அதிலும் ஏற்கெனவே பலமுறை அடகு வைக்கப்பட்ட மனச்சாட்சி.

அடகு வைத்த கதைக்கு வருகிறேன். 1997 இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், புவி வெப்பமாவதை இனியும் அலட்சியப்படுத்த முடியாது என்று பேசியவர் ஜான் பிரௌன், அன்றைய பிபி தலைவர். பெரிய எண்ணெய்க் கம்பெனித் தலைவர் ஒருவர் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. 2000 இல் கம்பெனியின் பழைய கேடயச் சின்னத்தை எடுத்துவிட்டுப் பச்சையும் மஞ்சளுமாக ஒரு சூரியனை வைத்தார்கள். பிபி என்றால் இனி ‘பெட்ரோலியத்துக்கு அப்பால்’ என்றார்கள். இன்று நம்மூர் நெடுஞ்சாலைகளில் ஜியோ-பிபி பங்க்குகளில் பார்க்கிறோமே, அதே சூரியன். அதன் அடியில் நின்றுதான் பெட்ரோல் போட்டுக்கொள்கிறோம்.

பிரௌன் போனார், டோனி ஹேவர்ட் வந்தார், மாற்று எரிசக்திப் பிரிவு சுருங்கத் தொடங்கியது. ஹேவர்ட் போனார், பாப் டட்லி வந்தார், 2011 டிசம்பரில் பிபி சோலார் கடையை மூடினார்கள். 1989 இல் டாடாவோடு சேர்ந்து தொடங்கிய டாடா பிபி சோலாரில் தங்கள் பங்கையும் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். பெங்களூரில் அந்தத் தொழில் டாடா பெயரில் தொடர்ந்தது. சூரியனைச் சின்னமாக வைத்துக்கொண்டவர்கள் சூரியத் தகட்டில் லாபமில்லை என்று ஊர் போய்ச் சேர்ந்தார்கள். சின்னத்தை மட்டும் கழற்றவில்லை.

டட்லி போனார். 2020 பிப்ரவரியில் பெர்னார்ட் லூனி வந்தார். 2050க்குள் நிகர பூஜ்யம் என்றார். 2030க்குள் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40 சதவீதம் குறைப்போம் என்றார். 2020 ஆகஸ்டில் இதைச் சொன்ன அதே நாளில் ஈவுத்தொகையையும் பாதியாக வெட்டினார். சந்தை என்ன செய்தது தெரியுமா? பங்கு விலையை ஏற்றியது. ஆஹா, தொலைநோக்கு! இரண்டரை ஆண்டு கழித்து, 2023 பிப்ரவரியில், 40 இல்லை, 25 சதவீதம்தான் குறைப்போம் என்று அதே லூனி அதே வாயால் சொன்னார். அன்று அறிவித்த முந்தைய ஆண்டு லாபம் 2,770 கோடி டாலர், கம்பெனி வரலாறு காணாத தொகை. உக்ரைன் போரில் எரிவாயு விலை ஏறி, பிரிட்டனில் கிழவிகள் ஹீட்டரைப் போடுவதா, சோறு பொங்குவதா என்று தவித்த ஆண்டு அது. சந்தை என்ன செய்தது? மறுபடியும் பங்கு விலையை ஏற்றியது. ஆஹா, நடைமுறை ஞானம்!

சத்தியம் செய்தாலும் கைதட்டு, சத்தியத்தை முறித்தாலும் கைதட்டு. இந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்கள்தான் இப்போது உத்தியில் ‘தெளிவு’ இல்லை என்று கம்பெனியைக் குறை சொல்கிறார்கள்.

லூனியை எது வீழ்த்தியது? 40ஐ 25 ஆக்கியதா? சேச்சே. சக ஊழியர்களோடு இருந்த உறவுகளைப் பற்றி வாரியத்திடம் முழு உண்மை சொல்லவில்லை என்பதால் 2023 செப்டம்பரில் போனார். அவருக்கு வரவேண்டியதில் 3.24 கோடி பவுண்டு வரை பறிமுதல். வாரியத்திடம் மறைத்தது தவறுதான், அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. உலகத்துக்குக் கொடுத்த வாக்கைத் திரும்பப் பெற்றதற்கு எத்தனை பவுண்டு பறிமுதல் என்பதுதான் என் சின்னச் சந்தேகம். ஒரு பென்னிகூட இல்லை.

பிரௌன் கதையும் இதே ராகம். 2005 மார்ச் 23 அன்று டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 தொழிலாளர் செத்தார்கள், 170 பேருக்கு மேல் காயம். அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டுக்கு மேல் நாற்காலியில் இருந்தார். ஜூலையில் போகிறேன் என்று சாவகாசமாகத் தேதி சொல்லியிருந்தவரை 2007 மே முதல் தேதியே எழுந்து ஓடவைத்தது, தன் துணைவரை எங்கே சந்தித்தேன் என்பது பற்றி நீதிமன்றத்தில் சொன்ன ஒரு பொய். பதினைந்து பிணத்தைத் தாங்கிய நாற்காலி ஒரு காதல் கதையைத் தாங்கவில்லை!

ஹேவர்ட் மட்டும் விபத்தால் போனவர். 2010 ஏப்ரல் 20, டீப்வாட்டர் ஹொரைசன். 11 பேர் பலி, மெக்சிகோ வளைகுடாவில் 87 நாள் எண்ணெய் பீறிட்டது. இது எப்போது முடியும், என் வாழ்க்கை எனக்குத் திரும்ப வேண்டும் என்று அவர் பேட்டி கொடுத்தார். வாழ்க்கை திரும்பாத பதினோரு பேரின் வீட்டில் அந்தப் பேட்டியை எப்படிப் பார்த்திருப்பார்கள்? எண்ணெய் இன்னும் கொப்பளித்துக்கொண்டிருந்த ஜூன் மாதத்தில், இங்கிலாந்தின் தெற்கே வைட் தீவைச் சுற்றி நடந்த பாய்மரப் படகுப் போட்டிக்குப் போனார். அங்கே தண்ணீர் சுத்தமாக இருந்தது. அந்த விபத்துக்குக் கம்பெனி இதுவரை கட்டியது 6,500 கோடி டாலருக்கு மேல். கிளிகளின் சீட்டுக்கட்டில் இதற்குப் பெயர் ‘பழைய சுமை’. இறந்தவர்கள் எண்ணிக்கை அந்தச் சீட்டில் இல்லை.

இத்தனை செய்துவிட்டு நமக்குப் பாடமும் நடத்தினார்கள். 2004 வாக்கில் பிபி ஒரு கணக்குக் கருவியை மக்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. உங்கள் வீட்டு விளக்கு, உங்கள் பயணம், உங்கள் சாப்பாடு எல்லாம் சேர்ந்து எவ்வளவு கரியமிலம் வெளியிடுகின்றன என்று நீங்களே கூட்டிப் பார்க்கலாம். தனிமனிதக் கார்பன் தடம் என்ற பேச்சை ஊர் ஊராகப் பரப்பியதில் அந்த விளம்பரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அன்றிலிருந்து நாம் ஃபேனை அணைத்தோமா, துணிப்பை எடுத்துப் போனோமா என்று குற்ற உணர்வோடு கணக்குப் பார்க்கிறோம். அவர்கள் சொந்தப் பங்கைத் திரும்ப வாங்கும் பைபேக் கணக்குப் பார்க்கிறார்கள்.

லூனிக்கு அடுத்து வந்த ஆச்சின்க்ளாஸ் யார்? லூனியின் பசுமைக் காலத்தில் கம்பெனியின் நிதித் தலைவர். காற்றாலைக்கும் சூரிய ஒளிக்கும் ஒதுக்கிய தொகைக்குக் கூட்டல் போட்டவர் அவரே. 2025 பிப்ரவரி 26 அன்று அதே பேனாவால் கழித்தல் போட்டார். எண்ணெய், எரிவாயு முதலீடு ஆண்டுக்கு 1,000 கோடி டாலராக உயரும். பசுமைத் தொழில்களுக்கு ஏற்கெனவே திட்டமிட்டதில் ஆண்டுக்கு 500 கோடி டாலருக்கு மேல் வெட்டு. 2027க்குள் 2,000 கோடி டாலர் சொத்து விற்பனை. ‘அடிப்படை மறுதொடக்கம்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஒரு மாதம் முன்புதான் 4,700 ஊழியர்களையும் 3,000 ஒப்பந்தப் பணியாளர்களையும் குறைக்கப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். சொந்தக் கையால் நட்டதைச் சொந்தக் கையால் வெட்டிக் காட்டினார் மனிதர். போதாது என்றது சந்தை. ஆகஸ்டில் பிரேசில் கடலுக்கடியில் 25 ஆண்டில் காணாத பெரிய எண்ணெய்க் கிடங்கைக் கண்டுபிடித்தோம் என்று சொல்லிப் பார்த்தார். டிசம்பரில் அனுப்பிவிட்டார்கள், மாற்றங்களைச் செய்ய இன்னும் கடுமையும் முனைப்பும் தேவை என்ற தோரணையில் மானிஃபோல்ட் விளக்கம் சொன்னார். கூட்டலும் கழித்தலும் தெரிந்த ஒருவருக்கே இந்த கதி.

முப்பது ஆண்டாக இந்தக் கூத்தைப் பார்த்தால் தந்திரம் புரிகிறது. பசுமை வாக்குறுதி எப்போதும் ஓர் ஆளின் பெயரில் எழுதப்படுகிறது. பிரௌனின் கனவு, லூனியின் கனவு. ஆள் போனால் கனவும் அவரோடு பெட்டியில் போய்விடும். அவர் சொன்னார், நாங்களா சொன்னோம்? எண்ணெய்க் கிணறுகளும் ஈவுத்தொகையும் மட்டும் கம்பெனி பெயரில் பதிவானவை. அவை யார் வந்தாலும் யார் போனாலும் இருக்கும். தலைமை மாற்றம் என்பது, பிடிக்காத பத்திரத்தைக் கிழிக்க இவர்கள் கண்டுபிடித்த சுலபமான வழி. கிளிகளின் ஜோசியமெல்லாம் அடுத்து எந்தப் பத்திரம் கிழியும் என்பதைப் பற்றித்தான். எண்ணெயை விட்டுவிடுவார்களோ என்று அவை ஒருநாளும் பயந்ததில்லை.

புதிதாக வருகிற அம்மையாரின் ஜாதகத்தில் கிளிகள் புரட்டாத ஒரு பக்கம் இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் முருஜுகா என்ற தீபகற்பம். பாறைகளில் பூர்வகுடிகள் செதுக்கிய உருவங்கள் பத்து லட்சம் இருக்கலாம் என்கிறார்கள். சிலவற்றுக்கு வயது 50,000 ஆண்டுவரை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பக்கத்திலேயே வுட்சைடு நடத்தும் வடமேற்குத் திட்டு எரிவாயு ஆலை. ஆலைப் புகையின் அமிலம் பாறைச் செதுக்கல்களைத் தின்கிறது என்று பூர்வகுடிகளில் பலர் போராடிக்கொண்டிருக்க, அந்த ஆலை 2070 வரை ஓடலாம் என்று செப்டம்பரில் அரசு இறுதி அனுமதி கொடுத்தது. இந்தத் திட்டத்தில் பிபியும் பழைய பங்காளி. ஆகவே ஓனீலை முற்றிலும் அந்நியர் என்று சொல்லிவிட முடியாது. 2024 இல் வுட்சைடின் பருவநிலைத் திட்டத்தை அதன் பங்குதாரர்களே 58 சதவீத வாக்குகளால் நிராகரித்தார்கள். புதைபடிவ எரிபொருளை எதிர்க்கிற இளைஞர்கள் டெமுவிலும் ஷீயினிலும் பொருள் வாங்கிக் குவிக்கிறார்களே என்று அவர் குத்திக் காட்டினார். ஐம்பதாயிரம் ஆண்டுப் பாறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மலிவுச் சட்டை வாங்கிய பெண்ணைப் பார்த்து நீ யோக்கியமா என்று கேட்கும் துணிச்சல், பிபியின் நாற்காலிக்கு முதல் தகுதி. தேர்வுக் குழுவைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

2025 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இன்னொரு செய்தி வந்தது. காஸ்ட்ராலில் 65 சதவீதத்தை ஸ்டோன்பீக் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கிறார்கள். மொத்த மதிப்பு 1,010 கோடி டாலர், பிபி கைக்கு ஏறத்தாழ 600 கோடி. நம்மூர் மெக்கானிக் ஷெட்டில் பச்சை சிவப்பு டப்பாவாகப் பார்த்துப் பழகிய அதே காஸ்ட்ரால்தான். மும்பைச் சந்தையில் உள்ள காஸ்ட்ரால் இந்தியா பங்குகளுக்கும் விதிப்படி ஓபன் ஆஃபர் வந்தது.

காஸ்ட்ரால் சும்மா ஒரு டப்பா இல்லை. அதை வைத்திருந்தது பர்மா ஆயில். பிபியைப் பெற்ற தாயும் பர்மா ஆயில்தான்; 1909 இல் ஆங்கிலோ-பெர்சியன் ஆயில் என்ற பெயரில் ஈரானுக்காகத் தொடங்கிய துணைக் கம்பெனியே பின்னாளில் பிபி ஆனது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னையைக் குண்டுபோட்டபோது எரிந்ததும் பர்மா ஆயில் டாங்குகளே. எம்டன் அடித்தும் சாகாத தாயை 2000 இல் பிள்ளை விழுங்கியது. இப்போது பைபேக் கேட்டு எலியட் கதவைத் தட்ட, கடன் எவ்வளவு குறையும் என்று கிளிகள் கத்த, தாய்வீட்டு நகையை எடைபோட்டுக் கொடுத்தாகிவிட்டது. அறிவிப்பு வந்ததுமே அடுத்த சீட்டைப் புரட்டத் தொடங்கிவிட்டார்கள்: பிபியின் லைட்சோர்ஸ் சூரிய ஒளிக் கம்பெனி எப்போது, எவ்வளவுக்கு?

காஸ்ட்ராலில் மிச்சமிருக்கும் 35 சதவீதத்தையும் இரண்டு ஆண்டு கழித்து விற்றுக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே இடம் வைத்திருக்கிறார்கள். ஓனீல் அதுவரை தாக்குப்பிடிக்காவிட்டாலும், அவருக்கு அடுத்து வருகிறவர் முதல் நாளே விற்பதற்கு ஏதோ ஒன்று இருக்கும்.